அக்கரையில் ஒரு லாரி

கேப்டன் உமாபதிக்குப் பொய் பிடிக்காது. உள்ளங்கை நீள மர லாரியின் சக்கரத்தில் தாட்சாயணி சேறு பூசிக்கொண்டு போய்க் காட்டினால், இது சித்தூர்ச் சேறு, பர்மாச் சேறு இன்னும் கறுப்பு, கொஞ்சம் கரியைச் சேர்த்துக் குழை என்று திருப்பி அனுப்புவார். எந்த லாரிக்கு முன்விளக்கு உடைந்திருந்தது, எதன் தார்ப்பாயில் ஒட்டுப்போட்டிருந்தது, எதன் மட்கார்டு மரத்தில் மோதி நசுங்கியிருந்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் துரத்த, பர்மாவிலிருந்து அவர் ஓட்டிக்கொண்டு வந்த லாரிப் படை அது.

சித்தூரில் மாங்காய் மண்டிக்குப் பின்னால் அவர் வீடு. பின்கட்டில் ஒரு கூடம். அதை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை, மேசைமேல் தகரத் தட்டு, தட்டு நிறைய மணல். மணலில் குன்று, காடு, நீலக் கண்ணாடித் துண்டு பதித்த ஓர் ஆறு, மூங்கில் சிம்பில் கட்டிய பாலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரும் அவருடைய சிநேகிதர், ரிடையர்டு தாசில்தார் திருவேங்கடமும் அங்கே யுத்தம் ஆடுவார்கள். பகடையை உருட்டி, விழுந்த எண்ணுக்கு நூலால் அளந்து வண்டியை நகர்த்த வேண்டும். தாசில்தார் ஜப்பான்காரன், டாங்கிகள் அவருடையவை. கேப்டனின் லாரிகள் பாலத்தைத் தாண்ட வேண்டும். கடைசி லாரி தாண்டியதும் கேப்டன் பாலத்தைப் பிடுங்கி எடுத்துவிடுவார். உடனே காபி வரும். ஒவ்வொரு வாரமும் இதே ஆற்றில் இதே யுத்தம்தான். வயசான ஆம்பிளைகளுக்கு வேறு வேலை இல்லை என்று தாட்சாயணி முதலில் நினைத்தாள்.

ஆனால் அவள் அங்கே வந்தது வெறுமனே வர்ணம் அடிக்க இல்லை.

அவள் நைனா முனிரத்தினம், திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். பட்டாளத்தில் சேர்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. போகும்போது அவள் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல்களில் ஒன்றைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பிறகு வந்தது ஒரு காகிதம்தான். லாரியோடு ஓடிப்போனவன் என்று அதில் இருந்தது. கீழே கேப்டன் உமாபதியின் கையெழுத்து. அந்தப் பெயரைத் திட்டாமல் அவள் அம்மா செங்கம்மா நகரியில் ஒருநாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. தெருவுக்கு அதெல்லாம் வேடிக்கை. உன் நைனா பர்மாக்காரியைக் கட்டிக்கினு மூணு வேளை துன்னுக்கினு சொகமா கீறாரு, நீ ஏன் இங்க பஞ்சு பொறுக்குற என்று, அவள் திருப்பதியில் பி.ஏ. முடித்து வந்த நாளில்கூட ஒருத்தி கேட்டாள். கேட்டவளுக்கு அன்று வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மறந்திருக்காது.

ஆந்திரா பிரிந்த பிறகு எந்த ஆபீசுக்கு மனுப் போட்டாலும் தெலுங்குப் பரீட்சை வைத்தார்கள். தாட்சாயணிக்குத் தெலுங்கு பேச்சில் தண்ணீர்பட்டபாடு, எழுத்தில் தகராறு. இரண்டு தடவை தோற்றாள். இந்த நிலைமையில்தான், ராணுவ பொம்மைகளுக்கு நுணுக்கமாக வர்ணம் அடிக்க ஆள் தேவை என்று கேப்டன் உமாபதி சொல்லிவைத்திருக்கிறார் என்ற செய்தி வந்தது. சேலைக் கரைக்குப் பூ வரைந்து பழகிய கை. எம். தாட்சாயணி, பி.ஏ. என்று சொல்லிச் சேர்ந்தாள். எம் என்றால் யார் என்று அவர் கேட்கவில்லை.

நைனா ஓடிப்போனாரா, இல்லையா. அதை அந்த மனுஷன் வாயால் கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். முதல் நாளே கேட்டிருப்பாள். ஆனால் பொய் பிடிக்காதவர் எந்த இடத்தில் பொய் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுக் கேட்கலாம் என்று பொறுத்தாள்.

லாரிகளைச் செதுக்கியவர் திருச்சானூரில் மரப்பாச்சி செய்யும் வேதாச்சலம். எல்லாம் செம்மரம். கேப்டன் பதினொன்று கேட்டிருந்தார். பதினொன்றுதான் பர்மாவிலிருந்து பத்திரமாகத் திரும்பியது. கூடையைப் பிரித்து மேசைமேல் அடுக்கியபோது பன்னிரண்டு இருந்தது.

கேப்டன் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். கடைசி லாரியைக் கையில் எடுக்கவில்லை. தாட்சாயணி பிரஷ்ஷைத் தொட்டுக்கொண்டு, இதுக்கு இன்னா அடையாளம் சார் என்றாள். மற்றதற்கெல்லாம் ஆணிக்கு ஆணி சொன்னவர், சும்மா பச்சை அடிச்சி வை, நம்பர் வேணாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் பச்சை அடித்தாள். முதலில் வஜ்ஜிரப் பசையில் சுண்ணாம்பு குழைத்துப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் எனாமல். பதினொரு லாரியும் பச்சையைப் பிடித்துக்கொண்டன. பன்னிரண்டாவதில் மறுநாள் காலையில் பின்கதவுப் பலகை ஓரமாகச் சிவப்பு கசிந்திருந்தது. செம்மரத்தின் சாயம் ஸ்பிரிட் பட்டால்தான் இறங்கும், வெறும் தண்ணீருக்கு அசையாது. அவள் ஸ்பிரிட் தொடவே இல்லை. துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடி கசிந்தது. அரக்கை உருக்கிப் பூசி அடைத்தாள். அரக்கின் மேலேயும் வந்தது. விரலில் பிசுபிசுத்தது.

தாசில்தாருக்காகச் செய்யக் கொடுத்திருந்த டாங்கிகளை வாங்கிவர அவள் திருச்சானூர் போனபோது வேதாச்சலத்திடம், கேட்டதுக்கு மேல ஒண்ணு சேத்துக் குடுத்தீங்களே என்றாள். அவர் உளியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

"பதினொண்ணுதாம்மா கேட்டாரு. பதினொண்ணுதான் செஞ்சேன். செம்மரம் விக்கிற வெலைக்கு ஓசியில யாராவது லாரி குடுப்பாங்களா?"

தாயார் கோயில் வாசல் வரை நடந்தாள். நல்ல வெயில். கைகள் மட்டும் சில்லிட்டிருந்தன.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணல்மேல் மூடியிருந்த துணியை எடுத்தபோது, அலமாரியில் இருக்க வேண்டிய அந்தப் பன்னிரண்டாவது லாரி ஆற்றின் அக்கரையில், பாலத்தைப் பார்த்தபடி நின்றது. பின்னால் மணலில் சக்கரத் தடம், காட்டிலிருந்து ஆறு வரை. கேப்டன் தாசில்தாரை முறைத்தார். தாசில்தார், நான் இப்பதானய்யா வரேன், உங்க பி.ஏ. அம்மாவ கேளுங்க என்றார். கூடத்துச் சாவி கேப்டனின் இடுப்பில்தான் இருந்தது. லாரியை அவளையே எடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னார். அடுத்த வாரமும் அது அக்கரையில் நின்றது. அதற்கு அடுத்த வாரம் இன்னும் ஒரு விரற்கடை பாலத்துக்குக் கிட்டே வந்திருந்தது.

கேப்டன் இளைத்துப்போனார். ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பதினொரு லாரியையும் தாண்டவைத்துப் பாலத்தைப் பிடுங்குவார், காபி ஆறிப்போகும். ஒருநாள் தாசில்தார் அந்தச் சங்கடத்தை மூடுவதற்காக எல்லைத் தகராறை எடுத்தார். திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம் என்று பேப்பரில் தினமும் அதே பேச்சாக இருந்த சமயம். கோடு என்று போட்டால் யாராவது நாலு பேர் தப்பான பக்கம் நின்றுதான் ஆக வேண்டும், அதற்காகக் கோடு போடாமல் இருக்க முடியுமா, சரே, வதிலேயண்டி, விட்டுத்தள்ளுங்க என்றார் அவர்.

தாட்சாயணி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். அக்கரையிலிருந்த லாரியை எடுத்துவந்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். பின்பலகை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"இதுக்கு அடையாளம் சொல்லுங்க சார். சொல்லாம இனிமே இதுல பச்சை ஏறாது."

கேப்டன், உனக்கு வேற வேலை இல்லையாம்மா என்றார். குரலில் சத்தம் இல்லை.

"என் நைனா பேரு முனிரத்தினம். லாரி டிரைவர். நகரி."

தாசில்தார் கையிலிருந்த பகடையை மெதுவாக மணலில் வைத்தார். மண்டியில் யாரோ கூடை அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கேப்டன் நாற்காலியின் கையைப் பிடித்து உட்கார்ந்தார். பிறகு, மற்ற லாரிகளுக்குச் சொன்ன அதே மாதிரி, மணலைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பின்பலகைக்கு இடது சங்கிலி கிடையாது, அறுந்துவிட்டது, கயிறு கட்டியிருந்தான் என்றார். அவள் ஒரு நூலை முறுக்கிக் கட்டினாள். ரேடியேட்டர் ஒழுகும், அடைக்கச் சோப்பு அப்பியிருந்தான் என்றார். வெள்ளையில் ஒரு பொட்டு வைத்தாள். கண்ணாடிச் சட்டத்தில் ஏதோ மாட்டியிருந்தான், எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும் என்று சொல்லி நிறுத்தினார்.

"சின்னப் பிள்ள வளையல். பச்சை," என்றார்.

அணில்வால் பிரஷ்ஷில் ஒற்றை மயிரைப் பிரித்தெடுத்து, அவள் அந்த வளையலை வரைந்தாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்தில் சிவப்பு பின்வாங்கி மரத்துக்குள் போனது. தாசில்தார் எழுந்து கிட்டே வந்து பார்த்துவிட்டு, ராமா என்று முணுமுணுத்து விலகி நின்றார்.

"உள்ள யாரு?" என்றாள்.

"அடிபட்டவங்க. அவங்கள விட்டுட்டுத்தான் வந்தோம். இவன் திரும்பிப் போய் ஏத்திக்கினு வந்தான். நான் போவச் சொல்லல."

"பாலத்துக்கு எவ்ளோ தூரம்?"

"இங்கருந்து மண்டி வரைக்கும். கைய வெளிய நீட்டி ஆட்டிக்கினே வந்தான், நில்லுங்க நில்லுங்கன்னு. பின்னால டாங்கி சத்தம். இல்ல, அந்த லாரி சத்தமேதானோ என்னமோ. நான் கையக் காட்டிட்டேன். பாலத்த வெடி வச்சி ஒடைச்சிட்டாங்க."

"ஓடிட்டான்னு ஏன் எழுதுனீங்க?"

எல்லா வண்டியும் தாண்டிவிட்டது என்று அதற்கு முன்பே மேலே செய்தி அனுப்பிவிட்டாராம். அப்புறம் ஒரு வண்டி அக்கரையில் நின்றது என்று எப்படிச் சொல்வது. ஆகவே அந்த வண்டி முந்தின நாளே ஓடிவிட்டது என்று எழுதினார்.

தாட்சாயணி டிரைவர் ஜன்னலில் ஓர் ஊசி முனையளவு கையைத் தீட்டி முடித்தாள். லாரியை அக்கரை மணலில், அது நின்ற தடத்திலேயே வைத்தாள். பிடுங்கிப் போட்ட மூங்கில் பாலத்தை எடுத்துத் திரும்ப ஆற்றின்மேல் பொருத்தினாள்.

"இப்ப இந்தக் கரைக்குக் கொண்டாங்க. நூல் வேணாம், பகடை வேணாம்."

கேப்டன் எழுந்து கையை நீட்டினார். லாரியைப் பிடித்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது, மேசைக்கால் முனகியது, சக்கரம் மணலில் இன்னும் புதைந்தது. தாசில்தாரும் வந்து பிடித்தார். பெரிய அதிகாரிகள் இரண்டு பேர், ஒரு பொம்மையோடு மல்லுக்கட்டினார்கள். தாட்சாயணிக்குச் சிரிப்பு வரவில்லை, பாவமாகவும் இல்லை. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, நகருங்க சார் என்று இரண்டு விரலால் அதைத் தூக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு கைப்பிடி அவரைக்காய் கனம்கூட இல்லை.

அடுத்த பஸ்ஸில் நகரிக்குப் போய், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செங்கம்மா லாரியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைய நீட்டிக்கினு வந்தாரா என்று மட்டும் கேட்டாள். சக்கரத்தை விரலால் தடவி, சேறு இன்னும் காயலையே தாச்சி என்றாள். அந்தச் சேறு தாட்சாயணி பூசியது இல்லை.

நாலைந்து நாள் கழித்து தாசில்தார் மூச்சுவாங்க வந்து நின்றார். அக்கரையில் இன்னொரு லாரி நிற்கிறதாம். வெறும் மரம், வர்ணம் எதுவும் இல்லாமல். பின்பலகையிலிருந்து ஒழுகி மணல் சிவந்துகிடக்கிறதாம். கேப்டன் சோறு தொடுவதில்லை, நீ வந்து வர்ணம் அடிக்கணுமாம் என்றார்.

"வர்ணம் இல்ல சார் அதுக்கு வேண்டியது. அன்னிக்கு அங்க ரூமுக்குள்ள சொன்னத எங்க தெருவுல வந்து சொல்லச் சொல்லுங்க. காகிதத்த ஊருக்குத்தானே அனுப்புனாரு."

வெள்ளிக்கிழமை காலையில் கேப்டன் உமாபதி நெசவாளர் தெருவுக்கு வந்தார். பட்டாளத்துக் கோட்டும் மெடலும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கோட்டு தொளதொளவென்று தொங்கியது. தெரு நடுவில் நின்று ஆரம்பித்தபோது தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தாட்சாயணி வாசலில் நின்றபடி, சத்தமா சொல்லுங்க என்றாள். முனிரத்தினம் ஓடவில்லை, நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று அவர் கத்தினார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டுத் தறி நின்றது. மறுபடி ஒருமுறை முதலிலிருந்து சொன்னார். கடைக்கோடி வரைக்கும் ஒவ்வொன்றாக நின்று, தெரு முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் போனது. பர்மாக்காரியைப் பற்றிக் கேட்டவள் திண்டுமுண்டாக ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

செங்கம்மா அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கேட்டு முடித்ததும் உள்ளே போனாள். பொட்டை அழித்துவிட்டு வருவாள் என்று தெரு காத்திருந்தது. வெளியே வந்தபோது நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் பொட்டு இருந்தது. யாரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் தறி அவளுடையதுதான் திரும்ப ஓடியது. தறிக்கட்டையின்மேல் லாரி நின்றது. தாட்சாயணி அதன் பின்பலகையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

கேப்டன் போகாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கரையில இப்ப ஒண்ணும் நிக்காதில்ல?" என்று அவளிடம் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பாருங்க."

அவர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்தார். கொஞ்சநேரத்தில் சித்தூர் பஸ் வந்தது. ஏறவில்லை. மத்தியானம் இன்னொன்று வந்தது. கண்டக்டர் சித்தூர் சித்தூர் என்று கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் தாட்சாயணி நூல் வாங்கப் போனபோதும் அவர் அங்கேயே இருந்தார். சித்தூர் பஸ் கையெட்டும் தூரத்தில் நின்று, ஹாரன் அடித்து, காத்திருந்துவிட்டுப் புறப்பட்டது.