கேடயம் மாறிய ஜன்னல்

பிராசி பிரபு தன் உருவத்தை வரையச் சொல்லி எங்கள் பட்டறைக்கு வந்ததே இல்லை. மீசை இருக்க வேண்டும், கவசம் முழுதாகத் தெரிய வேண்டும், தலைக்கு மேல் தன் குலச் சின்னம் போட்ட கேடயம் பெரிதாக இருக்க வேண்டும் என்று மட்டும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மூன்று கோட்டைகளுக்குச் சொந்தக்காரர். படை திரட்ட வேண்டுமென்றால் அரசரே அவருக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார். மடாலயக் கோயிலின் கிழக்கு ஜன்னலில், வண்ணக் கண்ணாடியில், அவரும் மனைவியும் பிள்ளைகளும் முழங்காலிட்டு வேண்டுகிற மாதிரி ஒரு படம் கேட்டிருந்தார். கண்ணாடி வெட்டுவதும் துண்டுகளை ஈயத்தால் இணைப்பதும் என் கணவர் ஹாமோ. முகங்களை வரைவது நான், எம்மட். பிரபுக்களின் முகம் எந்த ஜன்னலிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். மேலே இருக்கும் கேடயத்தைப் பார்த்துத்தான் இது இன்னார் என்று ஜனங்கள் சொல்வார்கள்.

வந்தவர் அவர் மனைவி இடோனியா. ஒரே ஒரு பணிப்பெண்ணோடு, சேறு அப்பிய செருப்போடு உள்ளே வந்து, சுண்ணாம்பு பூசிய எங்கள் மேசைமேல் கரிக்கோட்டில் கிடந்த தன் குடும்பத்தைக் குனிந்து பார்த்தார். பதினாலு வயதில், அப்பா வீட்டுச் சீதனமாக ஓர் ஆற்றங்கரை நிலத்தோடு பிராசி வீட்டுக்கு வந்தவர். பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. மேசையில் இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் தாயின் பின்னால் வரிசையாக இருந்தார்கள்.

"இன்னொருத்தி எங்க?" என்று கேட்டார்.

மூன்று பிள்ளைகள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள் என்றேன். நாலாவது பிள்ளை சபினா, ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்றார். செத்துப்போனவள் என்றால் என் பிள்ளை இல்லை என்றாகிவிடுமா என்று ஹாமோவைக் கேட்டார். ஹாமோ தலையைச் சொறிந்தார். இடோனியாவே பிரபுவிடம் சொல்லி அனுமதி வாங்கி, அடுத்த வாரமே திரும்பி வந்தார்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். சபினா எப்படி இருப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, ஒரு புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், கோயிலில் ஒரு நிமிடம் முன்னால் பார்த்து நிற்க மாட்டாள், எப்போதும் அம்மா முகத்தைத்தான் பார்ப்பாள். அதனால் மற்ற எல்லாரையும் பீடத்தைப் பார்க்க வைத்துவிட்டு, சபினாவை மட்டும் அம்மாவைப் பார்க்கிற மாதிரி வரைந்தேன். அதை இடோனியா குனிந்து பார்த்தார். பிறகு என் கறுப்பு படிந்த கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அவரைப் போன்ற ஒருவர் என்னைத் தொட்டது அதுவே முதல் தடவை.

அறுவடை முடிந்த வாரத்தில் பிரபுவின் எழுத்தர் ஜோஸ்லின் வந்தார். பட்டறைக் கதவைச் சாத்தச் சொன்னார். ஒரு தோல் சுருளை விரித்தார். அதில் நீல நிறத்தில் வெள்ளிக் கொக்கு ஒன்று போட்ட கேடயம். இடோனியாவின் தலைக்கு மேல் அவர் அப்பா வீட்டுக் கேடயம் இருந்தது, வெள்ளையில் மூன்று பச்சை இலைகள். அதை எடுத்துவிட்டு இந்தக் கொக்கை வைக்க வேண்டும் என்றார்.

அந்தக் கொக்கு வடக்கே ஒரு பணக்கார இளம் விதவையுடையது. பிரபு அவரைக் கட்டிக்கொள்ளப்போகிறார் என்று எங்களுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. பிரபுவும் இடோனியாவும் தூரத்து உறவு, அந்த உறவில் கல்யாணம் செல்லாது, கிறிஸ்துமஸுக்குள் ஆயரின் மன்றத்தில் அப்படித் தீர்ப்பாகிவிடும் என்று ஜோஸ்லின் மழையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னார். உறவை நிரூபித்துச் சத்தியம் செய்யப்போகிறவர் இடோனியாவின் கூடப் பிறந்த அண்ணன் வாரின். அவருக்கு ஒரு கோட்டையின் காவல் பொறுப்பு கைம்மாறாகக் கிடைக்கிறது.

முகத்தையும் மாற்ற வேண்டுமா என்று கேட்டேன்.

"முகத்த யாரும்மா பாக்கறா?" என்றார் ஜோஸ்லின். "கேடயத்த மட்டும் மாத்துங்க. வாயத் தொறந்தீங்கன்னா பட்டறையும் இருக்காது, பட்டறைக்காரனும் இருக்க மாட்டான்."

அவர் போன பிறகு ஹாமோ என்னிடம் கோபமாகப் பேசவில்லை, கெஞ்சினார். பெரிய இடத்துச் சண்டை, நாம் கண்ணாடி வெட்டுகிறவர்கள், நமக்கு ஏன் என்றார். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு இடோனியா இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் குதிரைச் சத்தம் கேட்டதும் கொக்குக் கேடயத்தைச் சாக்குக்கு அடியில் மறைத்து, பச்சை இலைக் கேடயத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தவள் நான். ஹாமோ சொல்லிச் செய்யவில்லை. நானேதான் செய்தேன்.

இரண்டாவது தடவை அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார். நாலு வருடமாக எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து ஒரு வாரம் தங்கினாராம். ஏதோ நில வழக்கு என்று சொல்லி, தாய்வழியில் யார் யாருக்குப் பெண் கொடுத்தார்கள், யார் யாரை எடுத்தார்கள் என்று பழைய கதையெல்லாம் கேட்டாராம். "அவருக்கு ஒண்ணும் ஞாபகமில்ல எம்மட். நான்தான் ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டார்" என்று சிரித்தார். அந்த வழக்கில் தன் சார்பில் மன்றத்தில் பேச அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்து ஒரு பத்திரத்தில் முத்திரையும் வைத்துக் கொடுத்தாராம்.

அப்போது ஜன்னலோரம் நாங்கள் இருவர்தான் இருந்தோம். ஹாமோ சூளைப் பக்கம் போயிருந்தார். பணிப்பெண் வெளியே. ஒரு வார்த்தை போதும். நான் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்த பிறகும் கழுவினேன்.

கிறிஸ்துமஸ் முடிந்து நாற்பதாம் நாள், மெழுகுத்திரித் திருநாளன்று, ஜன்னலை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். துணி விழுந்ததும் காலை வெயில் உள்ளே வந்து தரையெல்லாம் நிறம் கொட்டியது. இடோனியா முதலில் சபினாவைத்தான் தேடினார். கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு கண்கள் மெல்ல மேலே போயின. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பக்கத்தில் கணவர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடோனியா பின்னால் திரும்பினார்.

"அண்ணா, அது யார் வீட்டுக் கேடயம்?"

வாரின் தன் கையுறையைப் பார்த்தார். கோயில் முழுவதும் அமைதியாக இருந்ததால் அந்தக் கேள்வி கடைசி வரிசை வரை கேட்டது. இரண்டாவது தடவை அவர் கேட்கவில்லை.

பூசை முடிந்ததும் பிரபு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குதிரையேறிப் போய்விட்டார். மூத்தவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். மடாலயத் தாழ்வாரத்தில் வைத்து ஜோஸ்லின், இடோனியாவுக்குத் தெரியாமலே முடிந்திருந்த தீர்ப்பை அவருக்குப் படித்துக் காட்டினார். பிள்ளைகள் பிராசி பெயரிலேயே இருப்பார்கள். தாய் கன்னியர் மடத்துக்குப் போக வேண்டும். படித்து முடித்ததும் இடோனியா நேராகத் தூணருகே நின்ற என்னிடம் வந்தார்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"அறுவடை முடிஞ்சப்பவேம்மா."

"நான் வந்தப்போ பச்சை இலை இருந்துதே. யார் எடுத்து வெச்சா?"

"நான்தாம்மா."

அவர் அழவில்லை. என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவருக்கு நிலம் கெடைக்குது. அண்ணனுக்குக் கோட்டை. உனக்கு என்ன கெடைச்சுது?"

"பயமா இருந்துதும்மா."

"சொல்லியிருந்தா சேந்து பயந்திருக்கலாமே" என்றார். பணிப்பெண் வந்து அவர் தோளில் போர்வையைப் போட்டாள்.

தவக்காலம் முடியும் முன், கன்னியர் மடத்துப் பாதிரியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடோனியா மேல்முறையீடு செய்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு முன்புதான் வாரின் இந்த உறவைச் சொன்னார், அதைக் கேட்டு மனசாட்சி உறுத்தியது என்று பிரபு சத்தியம் செய்திருக்கிறார். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பே கேடயத்தை மாற்றச் சொல்லியிருந்தால் எல்லாம் முன்கூட்டியே பேசிச் செய்தது என்று ஆகிவிடும். அதைச் சொல்ல வருவாயா என்று இடோனியா கேட்டு அனுப்பியிருந்தார். ஹாமோ வாய் திறக்குமுன் வருகிறேன் என்றேன்.

வேதத்தின் மேல் கை வைத்து மன்றத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாக்கு, கொக்கு, ஜோஸ்லின் மிரட்டியது, நான் மறைத்தது, எல்லாம். சொல்லி முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் ஹாமோவைக் கூப்பிட்டார்கள். அவரை யார் வரச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அதே புத்தகத்தின் மேல் கை வைத்தார்.

"புது வருஷத்துக்கு அப்புறம்தான் ஐயா அந்தப் படம் வந்துது. இவளுக்கு நாள் கணக்குக் கொழம்பும். கண்ணாடிப் பொகை தலைக்கேறி ரெண்டு வருஷமாவே இப்படித்தான்."

என் பக்கம் பார்க்காமலே சொன்னார். ஒரே போர்வைக்குள் இருபத்திரண்டு வருடம் தூங்கிய மனுஷன். மன்றத்து எழுத்தர் எழுதிக்கொண்டார். பட்டறைத் தலைவனே சொல்லும்போது மனைவி பேச்சு எதற்கு என்று ஆயர் கையசைத்தார். முறையீடு தள்ளுபடி ஆனது. வண்டிகள் நின்ற முற்றத்தில் இடோனியாவின் முன் நின்றேன். என் புருஷன் என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

"பாத்தேன்" என்றார். "நீ தாமதமா வந்தே. ஆனா வந்தே. எங்கண்ணன் இன்னும் வரல."

கன்னியர் மடத்தில் அவர் ஒன்பது வருடம் இருந்தார். மகள் ஒரு தடவை போய்ப் பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். பையன்கள் போகவில்லை. வாரின் அந்தக் கோட்டையில்தான் செத்தார்.

ஹாமோவும் நானும் பிரியவில்லை. எங்கே போவது? அன்றிரவு கஞ்சி காய்ச்சினேன், அவர் குடித்தார். மன்றத்தைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. திருநாள்களில் கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் வருவார்கள். கொக்கைப் பார்த்துவிட்டு வடக்குச் சீமாட்டியின் பெயரைச் சொல்வார்கள். நான் பக்கத்தில் இருந்தால், அந்த முகம் அவர் முகம் இல்லை, இடோனியா என்று ஒருவருடையது, அவரையே பார்க்கிற குட்டிப்பெண் அவர் மகள் சபினா என்று சொல்லிவிடுவேன். சத்தமாகவே சொல்வேன். ஹாமோ தடுப்பதில்லை. வெளியே போய்க் குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார்.