வடக்கு எந்தப் பக்கம்

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் என் கூடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. என் கூடம் என்றால், கம்ப்யூட்டருக்குள் நான் வாரக்கணக்கில் இழைத்த கூடம். எங்கள் முதலாளி கட்டப்போகும் அடுக்குமாடியில் இரண்டாம் மாடி வீடு அது. எழுந்து போனபோது அதில் வெயில் இல்லை. இருக்கவும் முடியாது. ஜன்னலுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்கிறது.

"நான்தாம்மா வடக்கைக் கொஞ்சம் திருப்பினேன்," என்றார் முதலாளி.

எங்கள் மென்பொருளில் வடக்கு என்பது ஒரு எண், அவ்வளவுதான். அதை மாற்றினால் சூரியன் சொன்ன இடத்தில் வந்து நிற்கும். எதிர்ச்சுவரையும் மறைத்துவிட்டிருந்தார். அங்கே இப்போது வானம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படம் பொம்மை வீடு மாதிரி இருக்கிறது, உயிரே இல்லை என்று என்னை வறுத்தெடுத்தவர் இவர்தான். இவருக்காகத்தான் மேசை விளிம்பின் கூர்மையை மழுக்கினேன். சோபாவில் யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம் வைத்தேன். சுவிட்சைச் சுற்றி விரல் அழுக்குப் பூசினேன். ஒரு நாற்காலியை வேண்டுமென்றே கோணலாகத் தள்ளிவிட்டேன், எந்த வீட்டில் எல்லா நாற்காலியும் ஒழுங்காக நிற்கிறது? அழுக்கெல்லாம் நிஜமாக இருக்க வேண்டுமாம், வெளிச்சம் மட்டும் பொய்யாக இருக்கலாமாம்.

"சார், அந்த வீட்டுக்குள்ள வெயில் வராது."

"படத்துக்குள்ள வருதில்ல? போதும். எவன் திசைகாட்டியைத் தூக்கிட்டு வரப்போறான்?"

எவன் வந்தாலும் வராவிட்டாலும் என் அக்கா வருவாள். தையல் வேலை செய்கிறவள். பட்டப்பகலில் விளக்கைப் போட்டால்தான் ஊசியில் நூல் கோக்க முடிகிற வாடகை வீட்டில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். இந்த வீட்டுக்குத்தான் இன்று முன்பணம் கட்ட வருகிறாள். சுவர் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு எதைப் பார்த்தாலும் குத்தம்தான்," என்று வாயை அடைத்துவிட்டாள்.

வந்தாள். கைப்பையை மார்போடு அணைத்திருந்தாள்.

"வாங்கம்மா. உங்க தங்கச்சி செஞ்ச வீடுதான், பாருங்க. வெயில் எப்படிக் கொட்டுது!"

அக்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகுகாலமாகிறது. "ஜன்னலோரமா மெஷினைப் போட்டுக்கலாம்டி. லைட்டே வேணாம்."

அந்த முகத்தைக் கெடுக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனாலும் கெடுத்தேன்.

"அக்கா, ஒரு நிமிஷம் இதைப் பாரு," என்று மவுஸைப் பிடித்தேன்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" முதலாளியின் குரலில் என் வேலை ஆடியது. ஆடட்டும்.

வடக்கை அது இருக்க வேண்டிய இடத்துக்கு நகர்த்தினேன். வெயில் தரையிலிருந்து நழுவி, சுவரேறி, வெளியே போனது. எதிர்ச்சுவரைத் திரும்பக் கொண்டுவந்தேன். கூடம் இருண்டது. பிறகு, அந்த வீட்டில் குடியிருக்கப்போகிற எவரும் செய்யக்கூடியதைச் செய்தேன், விளக்கைப் போட்டேன். படத்திலிருந்த கடிகாரத்தில் காலை பத்து மணி.

"மவுஸை வச்சிட்டு வெளிய போ," என்றார்.

"படம் தெளியட்டும் சார். போறேன்."

எதையாவது மாற்றினால் படம் முதலில் மணலை இறைத்தது மாதிரி புள்ளி புள்ளியாகத்தான் வரும். மெல்லத்தான் தெளியும். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சோபாவின் பள்ளம் தெரிந்தது. கோணல் நாற்காலி தெரிந்தது. ஜன்னல் நிறைய சாம்பல் நிறச் சுவரும், அதில் மழைத் தண்ணீர் வழிந்த கறையும் தெரிந்தன.

"நம்ம வீடு மாதிரியே இருக்குடி," என்றாள் அக்கா, மெதுவாக.

முதலாளியின் கை மவுஸை நோக்கி வந்தது. நான் விடவில்லை. அக்காவின் விரல்கள் கைப்பையின் ஜிப்பில் அப்படியே நின்றிருந்தன. திரையில் கடைசிப் புள்ளிகளும் அடங்கின. காலை பத்து மணிக்கு, கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.