கத்தரீனாவின் நாற்பத்திரண்டு காலடி

மகனின் கல்லறை இருந்த இடம் கத்தரீனாவுக்குத் தெரியும். அந்தோனியாரின் சின்னக் கோயில் வாசற்படியிலிருந்து நேரே நாற்பத்திரண்டு காலடி. போராளிகளின் அந்த மயானத்தைப் புல்டோசர் சமதரையாக்கியபோது கல்தான் போனது, கணக்குப் போகவில்லை என்பாள். அந்தோனியார் தொலைந்த சாமானையெல்லாம் தேடித் தருபவர். கண்முன்னே இருநூறு கல்லறைகள் தொலைந்தபோது மட்டும் மனுசன் பேசாமல் நின்றுவிட்டார். அந்தக் கோபம் குருநகர் மீன்காரியான அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தக் கார்த்திகை நினைவு நாளிலும் எண்ணிப் போய் நின்றாள். மெழுகுதிரியைக் கொளுத்தி, மகனுக்குப் பிடித்த விளைமீன் பொரியலை வாழையிலையில் வைத்தாள். பாதர் அறிந்தால் ஏசுவார். ஏசட்டும், அவரா பசியோடு கிடக்கிறார்?

பக்கத்தில் விளக்கோடு நின்ற கோப்பாய்த் தோட்டக்காரர் தம்பிஐயா செருமினார். அது தன் மகன் றஜிந்தனின் இடம் என்றார். அவள் விடுவாளா? தோட்டக்காரனுக்குச் செத்தவன் தலைமாட்டிலும் வேலிச் சண்டை வேண்டும் என்று வாய்க்கு வந்தபடி கொடுத்தாள்.

அவர் மடியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறொன்றை எடுத்தார். கல் நின்ற காலத்திலேயே, காணி எல்லை அளப்பதுபோல அளந்து வைத்தது. படியிலிருந்து இழுத்து வந்தார். முடிச்சு மீன் பொரியலுக்கு நேரே வந்து நின்றது.

"வருசா வருசம் எங்கடை பக்கம் வந்துகொண்டிருக்கிறியள் அக்கா. முழங்கால் நோவெல்லோ, காலடி குறுகிப் போச்சு. கல் நிக்கேக்கை உங்களை அங்காலை, நாலாவது கல்லடியிலைதான் கண்டனான்."

கத்தரீனா நாலாவது இடத்தை எட்டிப் பார்த்தாள். யார் யாரோ பெற்ற பிள்ளைகளின் தலைமாட்டிலெல்லாம் அழுதிருக்கிறாள். தன் பிள்ளை ஒரு திரிகூட இல்லாமல் கிடந்திருக்கிறான். வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. சைவக்காரப் பிள்ளைக்கு மீன் படைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இலையைத் தூக்கக் குனிந்தாள்.

தம்பிஐயா கையை நீட்டித் தடுத்தார்.

"எடுக்காதேங்கோ. குருநகரிலை மீன் திண்டிட்டு வந்தவன் எண்டுதான் அண்டைக்கு அவனை அடிச்சனான். அடுத்தநாள் இயக்கத்துக்குப் போயிட்டான்."

கத்தரீனா இலையை இரண்டாகக் கிழித்தாள். மகனுக்கென்று பார்த்து வைத்த நடுத்துண்டை அங்கேயே விட்டுவிட்டு, மிச்சத்தோடு நாலாவது இடத்துக்கு நடந்தாள்.

திரி கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாத தம்பிஐயா, குந்தியிருந்து அந்த நடுத்துண்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.