வாதா மரம் சிவந்த வாரம்

"கத்தியைக் கீழே வைய்யா! மரத்துல கை வெச்சே, அப்புறம் எனக்குப் பொல்லாத—"

"யம்மா, ஆர்டர் கீதும்மா. நான் இன்னா என் இஷ்டத்துக்கா வந்து—"

"எவன் குடுத்தான் ஆர்டர்? நான் நட்டு, நான் தண்ணி ஊத்தின மரத்தை வெட்ட—"

"உங்க ஊட்டுக்காரர்தாம்மா குடுத்தாரு! டைப் டூ, பதினேழாம் நம்பர், உத்தமன். இந்தா, கையெழுத்தை நீயே பாரு."

வசந்தகுமாரி பார்த்தாள். ஆவடி குவார்ட்டர்ஸ் பராமரிப்பு ஆபீசிலிருந்து வந்திருந்த நாகப்பன் நீட்டிய காகிதம் மடிப்பில் கிழிந்து பழுப்பேறிக் கிடந்தது. எழுத்து அவள் புருஷன் எழுத்துதான். தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி. அந்த மழையில் வாதா இலை மொட்டைமாடிக் குழாயை அடைத்து, தண்ணீர் படுக்கையறைச் சுவரில் இறங்கியது. அன்றைக்கு உட்கார்ந்து எழுதினார் மனுஷன்: 'மேற்படி மரத்தின் இலைக் குப்பையால் வீட்டுக்குச் சேதம். கிளைகளை வெட்டித் தரவும்.' அதற்குப் பிறகு மூன்று முறை நினைவூட்டியும் எழுதினார். அப்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத ஆபீசுக்கு, போயும் போயும் இந்த வாரம் பார்த்துத்தான் சுரணை வந்திருக்கிறது.

பதினோரு வருஷத்து மரம் அது. தை பிறந்தால் இலை பழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பழுத்துப் பார்த்ததுதான் இல்லை. ஒவ்வொரு வருஷமும் போகிக்கு முந்தின ஞாயிறு, "தினம் தினம் எவ பெருக்குறது?" என்று உத்தமனே துரட்டிக்கோலால் உலுக்கி, தெருவில் எரிக்கக் கொடுத்துவிடுவார். இந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டை வலி. மரம் தப்பித்தது.

தப்பித்த மரம் என்ன ஆட்டம் போட்டது! முதலில் நடு நரம்பில் ஒரு மஞ்சள். நாலு நாளில் செங்கல் நிறம். பிறகு குங்குமம். ஒரே இலையில் பாதி பச்சை, பாதி சிவப்பு. குடை குடையாக அடுக்கிய கிளைகளில் மேல் குடை முழுக்கச் சிவந்துவிட்டது, கீழ்க் குடை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. காலை வெயில் அதற்குள் புகுந்து வந்தால் துவைக்கிற கல்லே சிவந்துபோகும். வசந்தகுமாரி காபி தம்ளரோடு இந்தப் பக்கம் நிற்பாள்; மதிலுக்கு அந்தப் பக்கம் அஷ்ரஃபுன்னிசா. "அக்கா, அந்தக் கிளை நேத்து பச்சையா இல்ல இருந்துச்சு?" என்று தினமும் ஒரு பேச்சு.

கீழ்க் குடையும் சிவக்க இன்னும் ஒரு வாரம் போதும். முப்பத்தொன்றாம் தேதி உத்தமன் ரிட்டயர் ஆகிறார். பிறகு காட்டுப்பாக்கத்துச் சொந்த வீடு. அங்கே சுற்றிலும் சிமென்ட் தரை. செடி வைக்கக் கையகல மண் கிடையாது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

மதிலுக்கு மேலே அஷ்ரஃபுன்னிசாவின் தலை தெரிந்தது. "அண்ணே, பத்து நாள் கழிச்சு வாங்களேன். இலை தன்னால உதிர்ந்துடும்."

"பத்து நாள் கழிச்சு என்னை பட்டாபிராம்ல போட்டுருவாங்கம்மா."

மத்தியானச் சங்கு ஊதி, உத்தமன் சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்து இறங்கினார். வசந்தகுமாரி கேட்டிலேயே மறித்தாள்.

"வேணாம்னு ஒரு வரி எழுதிக் குடுத்து அனுப்புங்க."

"நான் எழுதினதுக்கு நானே வேணாம்னு எழுதறதா? மூணு தடவை ஞாபகப்படுத்தினவன்டி நான். வீட்டை ஒப்படைக்கறப்ப அந்த ஆபீசர் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"அவர் முகம் பெரிசு. என் முகத்துல தினம் முழிக்கிறீங்களே?"

நாகப்பன் தலையைச் சொறிந்தான். "அண்ணாத்தே, ஒண்ணு சொல்றேன் கேளு. வேலை முடிஞ்சுதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு. நான் மரத்தைத் தொடாம போய்க்கினே இருக்கேன். எனக்கும் மரம் ஏறுற வேலை மிச்சம். எவன் வந்து பாக்கப்போறான்?"

வசந்தகுமாரிக்கு நாகப்பன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. "நல்லா இருப்பேப்பா! போடுங்க கையெழுத்தை."

உத்தமன் நிமிர்ந்து நின்றார். ராணுவ டாங்கி செய்கிற பாக்டரியில் அவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. "முப்பத்திரண்டு வருஷம். செய்யாத வேலையைச் செஞ்சதா ஒரு இடத்துல கையெழுத்துப் போட்டிருப்பேனா? போற மாசத்துலயா போடுவேன்?"

"அண்ணாத்தே, இது மரம். டாங்கி இல்ல."

"எதுவா இருந்தா என்ன? ஏறு."

"ஒரு வாரம்ங்க. பொய்யா எழுத வேணாம், வேணாம்னு மட்டும் எழுதுங்க. ஒரே ஒரு வாரம் கேக்கறேன்."

"இலைக்குப் போய் அழுவாங்களா? ஏறுய்யா, எனக்கு ரெண்டாவது சங்கு ஊதிடும்."

நாகப்பன் அவளைப் பார்க்காமல் ஏறினான். முதலில் விழுந்தது மேல் குடை. அஷ்ரஃபுன்னிசாவின் தலை மதிலிலிருந்து மறைந்தது. கிளை ஒவ்வொன்றாய் வந்து துவைக்கிற கல்லின்மேலும் கொடித் துணியின்மேலும் சாய்ந்தது. கால் மணி நேரத்தில் நடுவே ஒரு மொட்டைத் தண்டும், அவ்வளவு வெளிச்சமும்தான் மிஞ்சின.

உத்தமன் நெற்றிக்குக் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பக்கம் ஒண்ணை விட்டுட்டே பாரு."

அதுவும் விழுந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சைக்கிள் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து, தேதியோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு குழாயடியில் கை கழுவினார்.

"சாப்பாடு எடுத்து வை. நேரமாச்சு."

வசந்தகுமாரி கணுக்கால் அளவு சிவப்புக்கு நடுவில் அசையாமல் நின்றாள்.

"நாளைக்குக் காலையில நான் காபியைக் கையில வெச்சுக்கிட்டு எதைப் பாக்கறதுன்னு, அதையும் ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுச் சாப்பிடுங்க."