அலமாரிச் செடியின் வாக்குமூலம்

அறிவியல் டீச்சருக்கு ஐந்து வருடமாகத் தற்காலிக வேலை. இன்றைய மாதிரி வகுப்பில் தேறினால் நிரந்தரம். இல்லாவிட்டால் அடுத்த மாதம் அவள் நாற்காலியில் வேறு யாரோ. ஆனாலும் அவள் அசரவில்லை. இலை வெயிலை எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதைத் தன்னைவிட நன்றாகச் சொல்ல அந்தப் பள்ளியில் ஆளில்லை என்பது அவள் எண்ணம். தலைக்கனம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரண்டு நாளாக ஒரு தொட்டிச் செடியை வீட்டுத் துணி அலமாரிக்குள் வைத்துச் சாத்தியிருந்தாள். இருட்டில் கிடந்தால் இலை தன் கையிருப்பு மாவுச்சத்தையெல்லாம் தின்று தீர்த்துவிடும். மதிய இடைவேளையில் ஓடிப்போய் அதை எடுத்து வந்தாள். தொட்டி லேசாகச் சுட்டது. அலமாரிப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதப் பட்டையைக் கிளிப் போட்டு மாட்டி, வகுப்பின் ஜன்னல் வெயிலில் வைத்தாள்.

மூன்று மணிக்குத் தலைமையாசிரியை இரண்டு தேர்வாளர்களோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"வெயில அப்படியே மூட்டை கட்டி வெக்க முடியாது," என்று ஆரம்பித்தாள் டீச்சர். "அதனால இலை, காத்துல இருக்கிற கரியமில வாயுவையும் வேர் குடிச்ச தண்ணியையும் சேர்த்துச் சர்க்கரை பண்ணுது. வெயிலோட சக்தி அந்தச் சர்க்கரைக்குள்ள போய் உக்காந்துக்குது. மிச்சத்தை மாவுச்சத்தா மாத்தி வெச்சுக்கும். அதுல அயோடின் பட்டா கருநீலமாயிடும். பட்டை மூடின இடத்துல வெயில் படல, அங்க நிறம் மாறாது."

இலையைக் கொதிநீரில் முக்கி, ஆல்கஹாலில் பச்சையை இறக்கி, வெளுத்த இலையின் மேல் அயோடினைச் சொட்டினாள். இலை முழுக்கக் கறுத்தது. பட்டை இருந்த இடமும் சேர்த்துத்தான்.

தேர்வாளர் ஒருவர் பேனாவைத் திறந்தார். டீச்சர் இலையைத் தட்டோடு தூக்கிப் பார்த்தாள். சுட்ட தொட்டி ஞாபகம் வந்தது.

"இந்தச் செடி ரெண்டு நாள் இருட்டுல இருந்துச்சுன்னு நான் நம்பினேன். இல்லேங்குது இலை. இன்னைக்குக் காலையில நல்ல வெயில் பாத்திருக்கு, அந்த மாவுச்சத்துதான் பட்டைக்கு அடியில இருக்கு. நான் இலை பக்கம். சந்தேகம்னா எங்க வீட்டுலயே கேக்கலாம்."

தலைமையாசிரியை தலையசைத்தார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டு மாமியாரை அழைத்தாள்.

"செடியா? அலமாரியிலதானே இருந்துச்சு," என்றார் மாமியார்.

"அத்தை, இலை எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

"நீ கிளம்பினதும் பால்கனியில வெச்சேன், நீ வர்றதுக்குள்ள எடுத்து உள்ள வெச்சுட்டேன். அடைச்சுப் போட அது என்னம்மா தப்பு பண்ணுச்சு?"

வகுப்பே சிரித்தது. பேனாவைத் திறந்தவரும் சிரித்தார்.

"கணக்கா வந்த சோதனையை யார் வேணா விளக்கிடலாம்," என்றார் தலைமையாசிரியை. "தப்பா வந்ததை வெச்சுப் பாடம் நடத்தறவங்கதான் எனக்கு வேணும். நாளைக்கு வந்து கையெழுத்து போடுங்க."

டீச்சர் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியது, மறைக்கத் தோன்றவில்லை. போனை அணைக்க மறந்திருந்தாள்.

"வேலை கெடைச்சிடுச்சுல்ல?" என்றது அது. "அப்ப இனிமே அந்தச் செடியை வெயில்லயே வெக்கலாமா?"