ஓடுவது யாருடையது

ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் கருவி தொள்ளாயிரத்து எண்பது கிராம் என்றது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் ஆயிரத்து நாற்பது. பிறந்த குழந்தைகளை நிறுக்கப் போகிற கருவி. நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குப் புரோகிராம் எழுதுகிற தங்கச்சிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அக்கா புருஷன் கம்பெனியில் வேலை என்றால் சொகுசு என்று நினைக்கிறவர்கள் அந்த மாடிக்கு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு மேசைக்கு ஒரே மின்விசிறி, அதுவும் மாமா பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். ‘இவளை நான்தான் சேர்த்துவிட்டேன்’ என்பதைச் சொல்லாமல் அவருக்கு டீ இறங்காது.

"மாத்திட்டேன் மாத்திட்டேன்னு மூணு நாளா சொல்றியே, எதைம்மா மாத்துன? ஜன்னல் திரையையா?"

மாமா கேட்டதற்கு யாரோ சிரித்தார்கள்.

"இன்னைக்கும் எடை ஆடுச்சுன்னா நாளையிலேர்ந்து நீ பெட்டிக்கு லேபிள் ஒட்டு. புரோகிராமுக்கு வெளியாளைப் போட்டுக்கிறேன்."

போன் எடுக்கிற மேசையிலிருந்து அக்கா நைசாக வந்து குனிந்தாள். "ஒரு சாரி சொல்லிடேன்டி. அவர் கோபம் உனக்குத் தெரியாதா?"

தன் கோபம் இங்கே யாருக்காவது தெரியுமா என்று இவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. கணினியின் அடிமடியான கெர்னலுக்குள் போய், எடை உணரியோடு பேசுகிற மாட்யூல் என்ற நிரல் துண்டை வரிவரியாகத் திருத்தியிருந்தாள். அப்படியும் பழைய ஆட்டம். சந்தேகம் வந்து, அது ஏறியவுடன் ‘நான் புதுசு’ என்று கணினியின் பதிவேட்டில் எழுதும்படி ஒரு வரி சேர்த்து, பில்டு செய்து, நிறுவி, ஏற்றினாள். பதிவேட்டில் ‘நான் புதுசு’ என்பதைக் காணோம். அவள் எழுதியது ஓடவே இல்லை! ஓடாத ஒன்றுக்கா மூன்று நாள் வசவு?

இந்த மாட்யூலை எங்கிருந்து எடுக்கிறாய் என்று கணினியையே கேட்டாள். அவள் வைத்த இடத்தைச் சொல்லவில்லை. ‘அப்டேட்ஸ்’ என்ற கோப்பு அடைவைச் சொன்னது. முதலில் அங்கேதான் தேடும், அங்கே கிடைத்துவிட்டால் மற்ற பக்கம் தலைவைத்துப் படுக்காது. பெயர்தான் அப்டேட்ஸ், உள்ளே கிடந்தது அதே மாட்யூல், மூன்று வருடப் பழசு. எழுதியவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர், பட்டப்படிப்போடு.

"மாமா, இங்க வாங்க. இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

வந்தார், படித்தார். சத்தம்தான் வரவில்லை.

"அது... அப்போ ஏதோ அவசரத்துக்கு வச்சது. சரி சரி, அழிச்சிட்டு உன்னோடதை ஏத்து. வர்றவங்க முன்னால இதைப் பேசிட்டு இருக்காத."

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். "வச்சது நீங்கதானே? நீங்களே அழிங்க."

"ஏய், மணி மூணு அம்பதுடி!"

"எல்லாரும் பார்க்கத்தானே என்னைத் திட்டுனீங்க? எல்லாரும் பார்க்க அழிங்க."

ஆறு மேசையிலும் கை நின்றுவிட்டது. போன் அடித்தது; அக்கா எடுக்கவில்லை, புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மெல்ல உட்கார்ந்தார். படிக்கட்டில் நாலைந்து பேரின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. விசைப்பலகைக்கு மேலே அவருடைய ஒற்றை ஆள்காட்டி விரல், முதல் எழுத்தைத் தேடி வட்டமிட்டுக்கொண்டிருந்தது.