இடது துடுப்பில்லாத மடவை

எனக்குப் பொறாமை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற பெண்களுக்கு ஓரகத்தி மேல் வரும், நாத்தனார் மேல் வரும். எனக்கு மீன் மேல் வந்தது.

கலியபெருமாள் என் அத்தை மகன். காட்டுமன்னார்கோயிலில் நெல் விதைக்கிற குடும்பம். பரங்கிப்பேட்டையில் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் சேர்ந்த வருஷமே எனக்கும் அந்த ஊரில் டீச்சர் வேலை கிடைத்தது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். பெண் பாடம் நடத்தத்தான் இவ்வளவு ஆசையாய்ப் போகிறாள் என்று அப்பா நினைத்தார். பாவம் அப்பா.

சாயங்கால ரயிலுக்கு முன்னால் அரை மணி நேரம் வெள்ளாற்றங்கரையில் அவரைப் பார்ப்பேன். வாய் ஓயாமல் பேசுவார். எல்லாம் மடவை மீனைப் பற்றி.

"கடலு குடுக்குது குடுக்குதுன்னு எத்தினி நாளைக்கு வாரிக்கிட்டே இருக்கிறது, சௌந்தரம்? வெதநெல்லு எடுத்து வைக்கிறோமில்ல, அது மாதிரிதான். முகத்துவாரத்துல வர்ற குஞ்சுங்கள புடிச்சி குட்டையில வளர்க்கணும். பாதிய விக்கணும், பாதிய ஆத்துலயே திருப்பி வுடணும். அப்பத்தான் நம்ம பேரப்புள்ளைங்களுக்கும் மீன் இருக்கும்."

பேரப்புள்ளைங்க என்றதும் எனக்குக் காது சுட்டது. அதற்குள் அவர் அடுத்த மீனுக்குப் போய்விட்டார்.

அப்படி விட்ட மீன் வளர்ந்து இதே ஆற்றுப்பக்கம் சுற்றுமா, இல்லை எங்கேயோ போய்விடுமா? நிலையத்துப் பேராசிரியர் அவரிடம் கேட்டது இதைத்தான். அதைக் கண்டுபிடிக்கத்தான் அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் கலியபெருமாள், குட்டையில் வளர்த்த ஆயிரம் குஞ்சுகளுக்கு இடது வயிற்றுத் துடுப்பை அடியோடு கத்தரித்து ஆற்றில் விட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்கார்ந்து கத்தரித்தேன். ஒரு வருஷத்துக்குள் சில மீனாவது வலையில் அகப்பட்டால், பண்ணை வைக்கும் வித்தையைக் கற்க அவரை ஜப்பானுக்கு அனுப்புவார்கள். அகப்படாவிட்டால் சோதனையை மூடிவிடுவார்கள். அவருக்குச் சிதம்பரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை தயாராக இருந்தது. ஜப்பானிலிருந்து வரும்வரை காத்திருக்க முடியாது, வேறு இடம் பார்த்துவிடுவேன் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஆக, மீன் வந்தால் அவர் எனக்கில்லை. வராவிட்டால் எனக்குத்தான்.

மீன் வரவில்லை. வடகரையில் வலைக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார், நோட்டீஸ்கூட ஒட்டியிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மனிதர் இளைத்துப்போனார். யாரைக் கண்டாலும் முதல் வார்த்தை "மீன் வந்துச்சா?" என்பதுதான். என்னைப் பார்த்தாலும் அதேதான். வா என்று ஒரு வார்த்தை கிடையாது.

மறு வருஷம் தை மாதம், கெடு முடிய ஒரு வாரம் இருந்தது. முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள குப்பத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் பூவம்மாள் பள்ளிக்கூட வாசலில் கூடையை இறக்கினாள். பேச்சுவாக்கில் அவளிடம் துடுப்பு வெட்டிய மீனைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா டீச்சரம்மா? எங்க பக்கம் நெறைய கெடைக்குதே. போன வாரம்கூட எங்க வூட்டுக்காரரு வலையில நாலு. கும்புட்டுட்டு தண்ணியிலயே வுட்டுட்டாரு."

"ஏன்?"

"காதறுத்து வுட்ட ஆட்ட யாருனா அறுத்துத் தின்னுவாங்களா? எந்தப் புண்ணியவதியோ அம்மனுக்கு நேந்து வுட்டிருக்கா. சாமி சொத்தாச்சே!"

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டின் காதை அறுத்து அடையாளம் வைப்பது எங்கள் ஜில்லாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மீனையும் அப்படி நினைப்பார்கள் என்று அத்தனை படித்த மனிதருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. அந்தப் புண்ணியவதியே நான்தானே!

பள்ளிக்கூடத்திலிருந்து நிலையம் அரை மைல். ஓடினேன். சொல்லத்தான் ஓடினேன், சத்தியமாக. குட்டை ஓரத்தில் முட்டளவு தண்ணீரில் நின்றிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"மீன் வந்துச்சா?"

என் முகம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை.

"இல்ல மாமா," என்றேன்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது.

சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் வீடு. அவர் நல்ல புருஷன். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆபீஸ் போவார், வருவார், கொடுத்ததைச் சாப்பிடுவார். மடவைக் குழம்பு வைத்தால் முள்ளையெல்லாம் இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்துபோவார். எதையும் கேட்கமாட்டார். ஆற்றங்கரையில் வாய் ஓயாமல் பேசிய அந்த மனிதர் இந்த வீட்டுக்கு வரவேயில்லை. கட்டிய புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரையே நினைத்து ஏங்குகிற கூத்து என்னைத் தவிர யாருக்கு வாய்க்கும்?

மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஒரு பெரிய மடவை வாங்கினேன். எங்கேயோ வெளியூர் வலையில் விழுந்ததாம். வீட்டுக்கு வந்து சாம்பல் தொட்டுச் செதில் சுரண்டத் திருப்பினேன். வயிற்றில் வலது துடுப்பு இருந்தது. இடது பக்கம் மழமழவென்று தழும்பு.

அரிவாள்மனை முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் துண்டு போட்டால் அது வெறும் குழம்பு மீன். கூடத்தில் அவர் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த முதுகைப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை.

மீனைத் தாம்பாளத்தில் வைத்து அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

புரட்டினார். தழும்பின் மேல் கட்டை விரலை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

"வந்துச்சு மாமா," என்றேன். "அப்பவே வந்துச்சு. நெறைய வந்துச்சு. சாமி மீனுன்னு தெக்குக் குப்பத்துல திருப்பி வுட்டுட்டாங்க. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்துபோய்ப் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து மர ஸ்கேலை எடுத்துவந்தார். மீன் பக்கத்தில் மண்டியிட்டு, வாலை நீவிவிட்டு, மூக்கிலிருந்து அளந்தார்.

"நாப்பத்தொண்ணு. எங்க வாங்கின? எந்த ஊரு வலை? விசாரிச்சியா? பென்சில் எங்க?"

ஆற்றங்கரைக் குரல்! மூன்று வருஷம் நான் ஏங்கிக் கிடந்தது அந்தக் குரலுக்குத்தான். பென்சிலைத் தேடி எடுத்துவந்து கொடுத்தேன்.

நிமிர்ந்து பார்க்காமலே வாங்கிக்கொண்டார்.